காபியில் வெள்ளைப் பொடி

மனைவி தன்னைத் தீர்த்துக்கட்டப் பார்க்கிறாள் என்பது கடிகாரக்காரருக்குக் காபிக் கோப்பையின் அடியில்தான் தெரிந்தது.

கடிகாரம் பழுது பார்க்கும்போது மாட்டும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்த்தார். சர்க்கரையெல்லாம் கரைந்துவிட்டிருந்தது. கரையாமல் கிடந்தது ஏதோ வெள்ளைப் பொடி.

மறுநாள் சமையலறைக் கதவிடுக்கில் ஒளிந்து நின்றார். மனைவி கரண்டியின் அடிப்புறத்தால் எதையோ நசுக்கி, அவருடைய கோப்பையில் மட்டும் கொட்டிக் கலக்கினாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மச்சான் ஒரு வருஷமாக மாதாமாதம் வந்து, அக்காவின் கையில் நைசாக ஒரு பொட்டலத்தைத் திணித்துவிட்டுப் போவதன் அர்த்தமும் அப்போது விளங்கியது.

"ஏங்க, காபி ஆறுது. ஒரு சொட்டு மிச்சம் வைக்காம குடிங்க."

"குடிக்கிறேன், குடிக்கிறேன். அப்படி என்ன அவசரம் உனக்கு?"

அவள் திரும்பியதும், அவள் ஆசை ஆசையாய்க் கொத்திவிட்டு வளர்க்கும் ஜன்னலோரப் பூந்தொட்டிக்குள் காபி போனது. இரண்டு மாதமாகத் தினமும் இதே கதைதான்.

தொட்டிக்கு இந்த உபசாரம் புதிதில்லை. கடிகாரக்காரரின் ஈரலில் குடியிருக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்காக டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையும் முதல் நாளிலிருந்தே அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. வலியில்லை, காய்ச்சலில்லை; குத்துக்கல் மாதிரி இருக்கிற மனுஷனுக்கு மாத்திரை எதற்கு? போன வருஷம் முழுக்க ரத்தப் பரிசோதனையில் வைரஸ் தலைகாட்டவே இல்லையே! "மாத்திரை நல்லா வேலை செய்யுது" என்று டாக்டர் மெச்சும்போதெல்லாம் மீசைக்குள் சிரித்துக்கொள்வார்.

இந்த முறை ரத்தம் கொடுத்தபோது மனசுக்குள் வேறு திட்டம். குடித்த விஷம் ரத்தத்தில் கொஞ்சமாவது தங்கியிருக்கும். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நேரே போலீஸ் ஸ்டேஷன்.

டாக்டர் ரிப்போர்ட்டைத் திரும்பத் திரும்பப் படித்தார். கடிகாரக்காரர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"ஏதோ கலந்திருக்கு, அதானே டாக்டர்? தயங்காம சொல்லுங்க. ஆள் யாருன்னு எனக்குத் தெரியும்."

"கலப்படமும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க பழைய வைரஸ் திரும்பி வந்திருக்கு, அதுவும் லட்சக்கணக்குல. ஈரல் என்சைம் வேற எகிறிப்போயிருக்கு. இப்படியே விட்டா ஈரல் கெட்டுப்போயிடுங்க. போன தடவை வரைக்கும் சுத்தமா இருந்துச்சே! மறைக்காம சொல்லுங்க, நடுவுல எதை நிறுத்தினீங்க?"

கடிகாரக்காரர் யோசித்தார். மீசைக்குள் சிரிப்பு இல்லை.

நடுவில் அவர் நிறுத்தியது மனைவியின் காபியை மட்டும்தான்.