நெஞ்சுச் சூடு

“சிஸ்டர், அந்த ஆளை வெளிய அனுப்புங்க. பொம்பளைங்க இருக்கிற எடத்துல சட்டையில்லாம உக்காந்துகினு இருக்கான்” என்றாள் ரத்தினம்மாள். மகளின் பிரசவத்துக்காக அன்று காலைதான் கனகம்மாசத்திரத்திலிருந்து திருத்தணி ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள்.

வார்டு மூலையில், பெஞ்சில் சாய்ந்திருந்தார் பெருமாள். நாற்பத்தைந்து வயது இருக்கும்.

நர்ஸ் சுசித்ரா அவளைக் கிட்டே கூட்டிப்போய்க் காட்டினாள். அவர் மார்போடு கட்டியிருந்த துணிக்குள் எலுமிச்சை அளவில் ஒரு முகம்.

“ஏழாம் மாசமே பொறந்துடுச்சும்மா. ஒரு கிலோ முந்நூறு. தாய்க்கு ரத்தம் நிக்கல, சென்னைக்கு அனுப்பிட்டோம்.”

“அதுக்கு?”

“இந்தப் பாப்பாவுக்குத் தன் உடம்பு எங்க முடியுதுன்னே இன்னும் தெரியாது. மேல ஒரு தோல் படணும், சூடு படணும், நெஞ்சு அடிக்கிறது கேக்கணும். அவ்ளோதான் அதுக்கு உலகம். தனியா விட்டா, எங்கியோ விழுந்துகினே இருக்கிற மாதிரி பதறும்.”

ரத்தினம்மாள் குனிந்து துணிக்குள் பார்த்தாள்.

“மூணு நாளா சாப்பாட்டுக்கும் பாத்ரூமுக்கும்தான் எழுந்திருக்காரு. அந்த நேரம் நாங்க வாங்கிப்போம். இன்னிக்கு எடை பதினைஞ்சு கிராம் ஏறியிருக்கு.”

“அப்பன்னா இப்படி இருக்கணும்” என்றாள் ரத்தினம்மாள், குரல் இறங்கி.

அப்போது கசங்கிய சட்டையோடு ஒருவன் வாசலில் வந்து நின்றான்.

“சிஸ்டர், நான் பிரேம்குமார். சென்னையிலேர்ந்து வரேன். வீட்டுக்காரி கண்ணு முழிச்சிட்டா. எம் பொண்ணு எங்க?”

சுசித்ரா மூலையைக் காட்டினாள். அவன் முகம் மாறியது.

“இவரு எப்படி இங்க?”

“நீங்க அப்போ வந்து சேரலியே. ஆம்புலன்ஸ்ல ஏறும்போது உங்க வீட்டுக்காரம்மாதான் இவரு நம்பர் கொடுத்தாங்க. பாப்பாவோட பெரியப்பான்னாங்க. போன் பண்ணேன், அரை மணியில வந்துட்டாரு.”

“கூடப் பொறந்தவருதான்” என்றான் பிரேம்குமார். “வரப்புத் தகராறுல ஆறு வருஷமா கோர்ட்டுக்கு அலையிறோம். எதிர்ல வந்தாலும் பேசறதில்ல.”

உள்ளே போகவும் முடியாமல், திரும்பவும் முடியாமல் நின்றான்.

பெருமாள் குழந்தை அசையாதபடி மெல்ல நகர்ந்து, பெஞ்சில் இடம் விட்டார்.

“வா நைனா, உக்காரு. நீ வேற நான் வேறன்னு இவளுக்கு இன்னும் தெரியல.”