பதினோரு பாட்டும் ஒரு நோட்டும்

போலீஸ் நிலையத்துக்கு வந்த மொட்டைக் கடிதம் ரொம்ப மரியாதையான கடிதம். 'கனம் பொருந்திய ஐயா அவர்கள் சமூகத்துக்கு' என்று ஆரம்பித்தது. பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் ராமையாவும் அவன் பெண்சாதி பிரேமாவதியும் பாட்டு மூலமாகக் காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சேதி அனுப்புகிறார்கள் என்றது. பெயர் இல்லை. ஆனால் அடியில் ஒரு கைநாட்டு இருந்தது; அதன் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு.

இன்ஸ்பெக்டர் அழகேசன் சிரித்தார். "பேரு சொல்ல பயம். ஆனா கைநாட்டு வைக்காம பெட்டிஷன் எழுதறவரு விட மாட்டாருலா. பழக்க தோஷம்."

"யாருன்னு தேடட்டுமா சார்?" என்றார் சி.ஐ.டி. நடராஜா.

"பால் வெட்டறவங்க எல்லாருக்கும் விரல்ல தழும்பு இருக்கும். எழுதினவனை விடு, பாடறவங்களைப் பிடி."

மலாயாவில் அவசரகாலத்தின் நாலாவது வருஷம் அது. சந்தேகம் ஒன்றே போதும். முகாமில் அடைத்து, பிறகு இந்தியாவுக்குக் கப்பலேற்றி விடுவார்கள். நடராஜாவுக்கோ சட்டைக் கையில் இன்னொரு பட்டை ஏறாதா என்று ஆறு வருஷமாக ஏக்கம். புல் வெட்டுகிற ஆளாக வேஷம் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குள் புகுந்தார்.

காலையில் மரங்களைக் கீறிப் பால் வெட்டி முடித்து, மங்குக் கிண்ணத்தில் பால் சொட்டி நிறையும் வரை கணவனும் மனைவியும் காவல் போட்ட தோட்டத்துக் கேட்டுக்கு எதிரே ஒரு மரத்தடியில் உட்காருவார்கள். ராமையா கித்தாரை எடுத்து, 'தன்னானே' என்று வெறும் மெட்டைப் போடுவான். பிரேமாவதி அதில் சொல்லை வைப்பாள். நடராஜா பின்னால் ஆளுயர லாலாங் புல் புதரில் நோட்டும் பென்சிலுமாகப் பதுங்கியிருப்பார்.

"மெட்டு ரொம்ப நீளுதுங்க. பாடறவ மூச்சு விடணுமா இல்லையா?"

"நீதான் சொல்லைக் கொஞ்சம் இழுத்து வையேன்லா. நிலா கிலான்னு எதாச்சும் போடு."

"பகல்ல ஏதுங்க நிலா? கண்ணுக்குத் தெரியறதை மட்டுந்தான் பாட்டுல வைப்பேன்."

கண்ணுக்குத் தெரிந்தது என்ன என்பதுதான் வில்லங்கம்.

'முள்ளுக் கம்பி மூணு வரிசை,
மூணாங் கம்பியில் காக்கா.
காவக்காரரு கொட்டாவி விட்டா
கேட்டைத் தாண்டுது தவளை.'

நடராஜாவுக்கு உடம்பு சிலிர்த்தது. வேலி, காவல், கேட்டைத் தாண்டும் நேரம்! அதிலும் அவள் ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிதானமாக இரண்டு தரம் பாடினாள். மலைப்பக்கம் எவனோ உட்கார்ந்து எழுதிக்கொள்கிறான் என்று தீர்மானித்து, இவரும் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார். ஒரு நாள் பென்சில் முனை பட்டென்று ஒடிந்தது. நல்ல வேளை, அவள் அன்றைக்குச் சரணத்தை மறுபடி முதலிலிருந்து பாடினாள்.

மூன்று வாரத்தில் பதினோரு பாட்டு சேர்ந்தது. அதோடு ஒரு சங்கடமும் சேர்ந்தது. குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் நடராஜாவின் வாய் அந்த மெட்டுகளையே முணுமுணுத்தது. இவர்களை முகாமுக்கு அனுப்பிவிட்டால் பன்னிரண்டாவது பாட்டு வராதே என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் கடமை. இருவரையும் நிலையத்துக்குக் கூட்டிவந்தார்.

இன்ஸ்பெக்டர் நோட்டைப் புரட்டினார். "தவளைங்கிறது யாரு?"

"தவளைதாங்கய்யா" என்றாள் பிரேமாவதி.

"ஏய், விளையாடாதே! முகாமுக்குப் போயிடுவே!"

ராமையாவின் முகம் வெளுத்தது. பிரேமாவதி அசையவில்லை. "நான் பார்க்காத எதையும் பாட மாட்டேங்கய்யா. இந்த அண்ணன் தினமும் எங்களுக்குப் பின்னாலதான் இருந்தாரு. அவரையே கேளுங்க."

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "என்ன நடராஜா?"

நடராஜா தன் சட்டைக் கையைப் பார்த்துக்கொண்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. "தவளை இருக்கு சார். தினமும் தாண்டும்."

"காக்கா?"

"மூணாவது கம்பியிலதான் சார் உட்காரும்."

பதினோரு பாட்டையும் வரி வரியாகக் கேட்டுப் பார்த்தார் இன்ஸ்பெக்டர். பதினொன்றுக்கும் நடராஜாவே சாட்சி சொன்னார். பட்டை போனது போனதுதான். ஆனால் அவர் மனசு லேசாகிவிட்டது.

"போங்க, போங்க" என்று கையை வீசினார் இன்ஸ்பெக்டர்.

ராமையா வாசலுக்கே போய்விட்டான். பிரேமாவதி மட்டும் நின்றாள். "ஐயா, அந்த நோட்டு இனிமே உங்களுக்கு வேணுங்களா?"

"எதுக்கு?"

"ரேடியோவுல பாட்டுப் போட்டி வெச்சிருக்காங்க. பாட்டை எழுதித்தான் அனுப்பணுமாம். எங்க ரெண்டு பேருக்கும் எழுத்து வராது. காலையில கட்டுற பாட்டு சாயங்காலத்துக்குள்ள பாதி மறந்துடுது. பெட்டிஷன் எழுதறவரு பாட்டெல்லாம் எழுத மாட்டேன்னுட்டாரு. இந்த அண்ணன் கையெழுத்து முத்து முத்தா இருக்குன்னு இங்க ஸ்டேஷன்ல எல்லாரும் சொல்றாங்க."

"கொண்டு போய்த் தொலை! நடராஜா, ரசீது வாங்கிக்க."

ரசீதில் கைநாட்டு வைத்துவிட்டு, நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் போனாள். நடராஜா ஏழாவது பாட்டை முணுமுணுத்தபடியே ரசீதை ஃபைலில் கோத்தார். அதற்குப் பக்கத்தில் மொட்டைக் கடிதம் இருந்தது. முணுமுணுப்பு பாதியில் நின்றது. இரண்டு கைநாட்டின் குறுக்கேயும் ஒரே தழும்பு, ஒரே சாய்வில் ஓடியது.

மூன்று வாரம் அரசாங்கச் சம்பளத்தில் தன்னைக் குமாஸ்தாவாக வைத்துக்கொண்டது யார் என்பதை, சி.ஐ.டி. நடராஜா அப்போதுதான் துப்புத் துலக்கினார்.