டிராயரில் கத்தரிக்கோல்

"கத்தரிக்கோல் டிராயர்லயே இருக்குல்ல, ஏன்ப்பா பல்லால கடிக்கிறீங்க?"

பால் பாக்கெட்டோடு நின்ற டீம் லீடரிடம் அவன் மகள் என்றோ கேட்டது. இன்று அலுவலகத்தில் அதுதான் நினைவுக்கு வந்தது.

திரையில் இருந்த புரோகிராமைப் பார்க்கப் பார்க்க அவனுக்குக் குமட்டியது. இரண்டு தேதிகளுக்கு நடுவே எத்தனை நாள் என்று கணக்கிட நானூறு வரிகள். கணினி மொழியோடு ஆயத்தமாகவே சேர்ந்து வரும் லைப்ரரியில் அதற்கு ஒரே வரி போதும்.

"யார் எழுதினது?"

"மேலே சீனியர் மேடம் பேர்தான் இருக்கு சார்," என்றான் டெஸ்டர்.

"ஊசிப்போன சோறு மாதிரி இருக்கு. இத்தனை வருஷத்துல லைப்ரரியைத் திறந்தே பாக்கலையா மேடம்?"

அடுத்த மேசையில் இருந்த மேடம் தலை நிமிரவில்லை. "மாத்திடறேன் சார்."

"வேண்டாம். உங்களையே மாத்தச் சொல்லி மேனேஜருக்கு எழுதறேன்."

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அவன் மட்டும் உட்கார்ந்து, கடிதத்தோடு இணைக்கச் சான்று தேடினான். அந்தப் புரோகிராமை யார் எப்போது மாற்றினார்கள் என்று காட்டும் பழைய பதிவுகளில் பத்து வருடம் பின்னால் போனான்.

முதல் பதிவில் அவன் பெயர் இருந்தது. அவன் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம்.

அடுத்த பதிவு மேடத்துடையது. "லீப் வருஷத்துல தப்பா கணக்குப் போட்டுச்சு, திருத்திட்டேன். இனி இது என் பொறுப்பு, என் பேர்லயே இருக்கட்டும். புதுப் பையன், மெல்லக் கத்துக்குவான்."

இப்போது அவனுக்குக் குமட்டியது புரோகிராமைப் பார்த்து அல்ல.

கடிதத்தை அழித்தான். யாரும் திரும்பி வருமுன், எழுதியவர் என்ற இடத்திலிருந்து மேடத்தின் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டான்.