கவிழ்த்துப் போட்ட வாளி

பாலைவனத்து ஊர் ஒன்றில், ஒரு வீட்டு வாசலில் கார் ஏறி வருவதற்குக் கான்கிரீட் தளம் போட்டார்கள். எட்டாம் நாள் காலையில் அதன் நடுவே நீளமாக விரிசல் விட்டிருந்தது.

"எல்லாம் இந்தப் பாழாய்ப்போன வெயிலால் வந்தது" என்று தளம் புலம்பியது.

ஓரமாகக் கிடந்த வாளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வெயில் என்ன, நேற்றுத்தான் இந்த ஊருக்குக் குடிவந்ததா? கலவை கெட்டியாக இருக்கிறது, இழுத்துவிடக் கை வலிக்கிறது என்று மேஸ்திரி என்னால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாரே, மறந்துவிட்டாயா? போதும் போதும் என்று கத்தினேன். நீயும் கஞ்சி மாதிரி ஓடினாய்."

"அப்போது சுகமாகத்தான் இருந்தது" என்றது தளம்.

"இருக்கும். அதற்கப்புறம் ஒரு வாரம் உன்மேல் சாக்கைப் போட்டு, அது காயாமல் தண்ணீர் விட வேண்டும். அதற்கு என்னை ஒரு தடவையாவது எடுத்தாரா?"

"தினமும் எடுத்தாரே. நான் பார்த்தேனே."

"எடுத்தார். கவிழ்த்துப் போட்டு, மேலே உட்கார்ந்து டீ குடித்தார்."

அப்போது வீட்டுக்காரம்மா மேஸ்திரியை அழைத்துவந்து விரிசலைக் காட்டினார்.

மேஸ்திரி குனிந்து பார்த்தார். காலால் வாளியை இழுத்துக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்தார். "நம்ம கையில என்னம்மா இருக்கு? இந்த ஊரு வெயில் அப்படி."

"அதுவும் சரிதான்" என்றார் அந்த அம்மா.

வாளிக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஆனால் அதன் வாய் தரையோடு அழுந்தியிருந்தது.