செவ்வாயில் ஒரு பல்லி

செவ்வாய் கிரகத்தில் ஊர்ந்து திரியும் ரோவர் அனுப்பும் படங்களைக் கணினியில் பெரிதாக்கி, ஏதாவது உயிர் தெரிகிறதா என்று தேடுவது தணிகாசலத்தின் பொழுதுபோக்கு. அவர் அறைச் சுவரில் ஒரு பல்லி இருந்தது. ஜன்னல் வழியாக வெளியே போன அதன் மகன் திரும்பி வரவே இல்லை.

அன்று பல்லி ஒரு கரப்பான்பூச்சியைச் சுவர் மூலையில் மடக்கிவிட்டது. வாயைத் திறந்த நேரம், தணிகாசலம் திரையில் ஒரு பாறையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார்.

"அட, பல்லி மாதிரியே இருக்கே!"

பல்லி திரும்பிப் பார்த்தது. "ஐயோ, என் பிள்ளை! அங்கேயா போய்க் கிடக்கிறான்?"

"அது கல்லு அக்கா," என்றது கரப்பான், யோசிக்காமல்.

பல்லியின் முகம் மெல்ல அதன் பக்கம் திரும்பியது.

"இல்ல இல்ல, வால் தெரியுது. உங்க பிள்ளையேதான்."

பல்லி மறுபடி திரையைப் பார்த்தது. கரப்பான் ஒரு சாண் நகர்ந்தது.

தணிகாசலம் இன்னும் பெரிதாக்கினார். படம் கட்டம் கட்டமாக உடைந்தது.

"எங்கே அவன்? காணோமே!"

"அதெல்லாம் செதில் அக்கா. கிட்டத்துல பாத்தா அப்படித்தான் இருக்கும்."

"இளைச்சுப் போயிட்டானே," என்று பல்லி கண் கலங்கியது. கரப்பான் சுவர் வெடிப்புக்குள் புகுந்துகொண்டது.

தணிகாசலம் அடுத்த படத்தைத் திறந்தார். அதே இடம், வெயில் மட்டும் வேறு பக்கம். வெறும் பாறை. அலுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

பல்லி வெடிப்பருகே வந்தது. "நிஜத்தைச் சொல்லு. அது என் பிள்ளைதானே?"

இனிப் பயமில்லை, சொல்லிவிடலாம் என்று கரப்பான் வாயெடுத்தது. ஆனால் நாளைக்கும் அடுப்படிக்குப் போக இந்தச் சுவர்தான் வழி.

"அவனேதான் அக்கா. இப்ப அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கான்."