ஓடி வா என்பதற்கு இங்கிலீஷ்

கண்ணாடிக் கதவு திறந்தது. விமான நிறுவனத்துப் பெண்ணின் கையைப் பிடித்தபடி தங்கை மகள் வந்தாள்.

ஆறு வயது. கழுத்தில் பெயர் எழுதிய அட்டை. அவளுக்குத் தமிழ் தெரியாது. எனக்கோ சுட்டுப் போட்டாலும் இங்கிலீஷ் வராது.

இனி அவளுக்கு நான்தான். என்னிடம் வருவாளா மாட்டாளா என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கி நாலு நாளாகிறது.

மூன்று வாரமாக நான் வேலை பார்க்கும் சலவைக் கடையில் இங்கிலீஷ் பாடம் நடந்தது. இஸ்திரி போடும் தம்பிதான் வாத்தியார்.

"டக்குனு எழுந்தா ஜம்ப் அப். விருட்டுனு கிளம்பினா டேஷ் ஆஃப்" என்று நீராவிக்குள்ளிருந்து சொல்வான். நான் சட்டை மடித்தபடி முணுமுணுப்பேன்.

மத்தியான வெயிலில், காயும் வெள்ளை விரிப்புகளுக்கு நடுவே, எனக்கு அரைத் தூக்கமாக இருக்கும். ஒவ்வொரு வார்த்தைக்குள்ளும் நான் பார்த்தேயிராத அந்தப் பிள்ளை துள்ளி எழுவாள், பாய்ந்து ஓடுவாள், சட்டென்று திரும்பிச் சிரிப்பாள்.

ஒன்று மட்டும் மண்டையில் ஏறவேயில்லை. ரன் அவே.

சின்ன வயதில் நானும் தங்கையும் அந்த 'வே'யை 'வா' என்று நம்பி, ஓடி வா என்பதற்கு அதைத்தான் வீடு முழுக்கக் கத்திக்கொண்டு திரிந்தோம். "ஐயோ அக்கா, அது ஓடிப்போறது!" என்று இஸ்திரித் தம்பி தலையில் அடித்துக்கொள்வான்.

கண்ணாடிக் கதவைத் தாண்டி வந்த பிள்ளை சட்டென்று நின்றுவிட்டாள். என் முகத்தையே பார்த்தாள். எனக்கும் தங்கைக்கும் ஒரே ஜாடை.

படித்ததெல்லாம் எங்கே போய்த் தொலைந்ததோ! முட்டி போட்டு, இரண்டு கையையும் விரித்து, வாயில் வந்ததைக் கத்தினேன்.

"ரன் அவே!"

"போச்சு" என்றான் பக்கத்தில் நின்ற தம்பி.

அவள் அந்தப் பெண்ணின் கையை உதறினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

மடேரென்று என் மார்பில் வந்து மோதினாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு என்னென்னவோ சொன்னாள். மம்மி என்பது மட்டும்தான் எனக்குப் புரிந்தது.

தம்பி குனிந்து கேட்டான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"அவங்கம்மா இப்படித்தான் கூப்பிடுவாங்களாம், அக்கா. அவங்க தவறினப்புறம் யாருமே கூப்பிடலையாம்."