ஐம்பத்திரண்டு கிலோ

சிவேந்திரன் ஆறு மணிக்கு எழுந்து இரண்டு கோப்பை தேநீர் போட்டான். ஒன்றைக் குடித்தான், மற்றதை மூடி வைத்தான். பிறகு அந்தப் பழைய மலைச் சைக்கிளை பிரிக்ஃபீல்ட்ஸ் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

குலுங்கலைத் தாங்கும் புதிய பின்பக்க ஷாக்கைப் பொருத்திய கடைக்காரர் ஹைதர், பம்பை எடுத்தார். "ஓட்டுற ஆள் வெயிட்டுக்குத்தான் ஷாக்ல காத்து அடிக்கணும். எவ்ளோ?"

"ஐம்பத்திரண்டு கிலோ."

"நீங்க எண்பது இருப்பீங்க லா."

"என் மனைவி கௌசலாவோட சைக்கிள், அண்ணே."

"அப்ப அவங்க ஏறி உக்காரணும், பாஸ். மூணு தடவை சொல்லிட்டேன், தனியாவே வரீங்க. வீட்ல சண்டையா?"

"போன வருஷம் லோரி மோதி இறந்துட்டா."

ஹைதர் பம்பைக் கீழே வைத்தார். "இந்தச் சைக்கிள்லயா?"

"என் சைக்கிள்ல."

விபத்து நடந்த அன்று வாசலில் அவள் கடைசியாகச் சொன்னது: "மூணு மாசமா என் சைக்கிளுக்கு ஷாக் மாத்தறேன்னு சொல்றீங்க. இன்னிக்கு உங்க சைக்கிள எடுத்துட்டுப் போறேன்."